'எங்களுக்கு வந்ததும் உங்களுக்கு': இந்த வரிக்குக் கீழே கையெழுத்துப் போடாதீர்கள்

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் சிறிய அளவில் கணினித் தொழில் செய்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கீழேயிருந்து ஒரு பெரிய நிறுவனம் வந்து, "பொதுத்துறை வேலை, நீங்கள் உள்ளூர்க்காரர், திட்டம் மட்டும் போட்டுக் கொடுங்கள் அண்ணா" என்று கேட்டால், ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தை முதலில் படியுங்கள். நான் கடைசியில்தான் படித்தேன்.

வேலை இதுதான். மாவட்டத்தில் உள்ள ஒரு பொதுத்துறை நிறுவனத்தின் கொள்முதல் மென்பொருளைப் புதிய பதிப்புக்கு மாற்ற வேண்டும். உரம், விறகு, சாக்கு என எதை வாங்கினாலும் டெண்டர் முதல் பில் வரை அதில்தான் நடக்கிறது. பிரிக்காத டெண்டர்கள் இருக்கும்போது மாற்றினால், எந்த விலைப்புள்ளியை யார் எப்போது திறந்தார் என்ற தடம் அறுந்துவிடும். பிறகு தணிக்கையில் பதில் சொல்லப்போவது அந்த அலுவலக ஊழியர்கள்தான். ஆகவே நிதியாண்டு முடியும் நேரமான மார்ச் மாதம் வேண்டாம் என்றேன். ஐப்பசி, கார்த்திகையும் வேண்டாம். மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்தால் கீழேயிருந்து ஒருவரும் வர முடியாது.

பெரிய சிக்கல் எழுத்துருவில் இருந்தது. தமிழ்நாடு அரசு 2010இலேயே ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாறச் சொல்லிவிட்டது. ஆனால் இவர்களிடம் விற்பனையாளர் பெயர்களெல்லாம், ஆங்கில எழுத்துகளைத் தமிழாகக் காட்டும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் கிடந்தன. எழுத்துருவை எடுத்துவிட்டால் 'முருகன்' என்பவர் கே, யூ, எஃப், டி, அதோடு ஓர் அரைப்புள்ளியாகிவிடுவார். மாற்றிய பெயர்களை ஒவ்வொன்றாகச் சரிபார்க்க மூன்று வாரம் ஒதுக்கினேன். இரண்டரை மாத உழைப்பு. திட்ட அறிக்கை 64 பக்கம்.

வேலை கொடுத்த பெரிய நிறுவனத்தார் அறிக்கையில் என் பெயரை எடுத்துவிட்டுத் தங்கள் முத்திரையைப் போட்டுக் கொடுத்தார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். அந்த மூன்று வாரத்தை வெட்டி, மார்ச் கடைசி வாரத்திலேயே மாற்றினார்கள். பணம் கேட்டால், "அவர்கள் எங்களுக்குக் கொடுத்ததும் உங்களுக்கு வந்துவிடும்." கடைசிப் பக்கத்தில் இருந்த வரி அதுதான். முன்பணம் போக 1,20,000 ரூபாய் இன்னும் வரவில்லை.

குறு, சிறு தொழில்களுக்கான 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தவறினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வீதத்தைப்போல் மும்மடங்கு கூட்டு வட்டி. இந்தப் பிடி என் கையில் இருந்திருக்கும். நானோ வேலையை முடித்துப் பில் கொடுத்த பிறகுதான் உத்யம் என்ற குறு, சிறு தொழில் பதிவைச் செய்தேன். பிந்திய பதிவு பழைய வேலைக்குப் பலன் தராது என்று உச்ச நீதிமன்றம் 2021இல் சொல்லியிருக்கிறது என வழக்கறிஞர் எடுத்துக்காட்டினார். கட்டணமே இல்லாத பதிவு, ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் போதும். சோம்பேறித்தனம், வேறென்ன! இப்போது சாதாரண வக்கீல் நோட்டீஸோடு நிற்கிறேன்.

போன வாரம் அந்த அலுவலகத்தின் பண்டகக் காப்பாளர் தொலைபேசியில் அழைத்தார். "சார், திரையில் கே யூ எஃப் டி என்று ஒருவருக்கு விறகுப் பில் நிற்கிறது. யார் இவர்?"

முருகன் என்றேன். அதற்குப் பில் போடவில்லை.