சின்ன ரப்பர் கம்பெனிக்கு ஃப்ரெப்பிள் என்ற பிளானிங் மென்பொருள் சரிப்படுமா?

நன்றாகவே சரிப்படும். ஒரே ஒரு நிபந்தனை: உங்கள் பிரஸ் (ரப்பரை அழுத்தி வார்க்கும் இயந்திரம்), மோல்டு (வார்க்கும் அச்சு), ஆள், நேரம் பற்றிய கணக்கை உள்ளது உள்ளபடி எழுதிக் கொடுக்க நீங்கள் தயாராக இருக்க வேண்டும். அதற்கு மனம் இருந்தால், ஆர்டர் கொடுப்பவர் "எப்போ தருவீங்க?" என்று கேட்கும்போது நம்பிச் சொல்லக்கூடிய ஒரு தேதி கையில் இருக்கும். சிறு தொழிலில் அந்தத் தேதிக்குத்தான் மரியாதை.

மணலி புதுநகரைத் தாண்டி விச்சூர் சிட்கோ தொழிற்பேட்டையில் ஒரு ரப்பர் மோல்டிங் யூனிட்டில் பிளானிங் பார்க்கிறேன். பம்புக்குப் போகும் சீல், டயாஃப்ரம், லாரிக்குப் போகும் புஷ், கேஸ்கெட் எல்லாம் எங்கள் சரக்கு. எந்த ஆர்டரை எந்த பிரஸ்ஸில் ஏற்றுவது, எந்தக் காம்பவுண்டை (ரப்பர் கலவையை) எப்போது கலக்குவது, என்ன ரப்பரை எப்போது வாங்குவது என்பதெல்லாம் என் மேசைக்கு வந்துதான் போகும். பல வருடமாக இதற்கு எக்செல்தான். இப்போது ஃப்ரெப்பிள்.

முதலில் அது என்ன என்று சொல்லிவிடுகிறேன். பெல்ஜியத்தில் உருவான பிளானிங் மென்பொருள். சமூகப் பதிப்பு எம்.ஐ.டி. உரிமத்தில் (யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம் என்ற உரிமம்), மூலநிரலோடு இலவசமாகக் கிடைக்கிறது. கூடுதல் வசதிகளோடு காசு கொடுத்து வாங்கும் பதிப்பும் உண்டு. உபுண்டு லினக்ஸில் ஓடும், தரவையெல்லாம் போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளத்தில் வைத்துக்கொள்ளும், நாம் பிரவுசரில் பார்த்துக்கொள்ளலாம். ஓடூ என்ற கம்பெனி நிர்வாக மென்பொருளைப் பயன்படுத்துபவர்கள் நேரடியாக இணைக்கலாம். எங்களுக்கு டாலிதான், அதிலிருந்து ஆர்டரையும் ஸ்டாக்கையும் எக்செல்லாக எடுத்து ஏற்றுகிறோம்.

இயந்திரத்தின் கெப்பாசிட்டியையும் கையிருப்புச் சரக்கையும் ஒரே நேரத்தில் பார்த்துத் திட்டம் போடும் மென்பொருள் ஒரு காலத்தில் பெரிய கம்பெனிகளுக்கு மட்டும்தான். ஹைதராபாத்தில் பிறந்த சஞ்ஜீவ் சித்து, கென் ஷர்மாவோடு சேர்ந்து 1988இல் அமெரிக்காவில் தொடங்கிய ஐ2 டெக்னாலஜீஸ் இந்தத் துறையின் முன்னோடிகளில் ஒன்று. 2010இல் ஜே.டி.ஏ. என்ற மென்பொருள் நிறுவனம் அதை வாங்கியது, இன்று அது ப்ளூ யோண்டர். அந்த வகை மென்பொருளுக்கு ஆகும் செலவில் எங்களைப் போன்றவர்கள் புதிதாக இரண்டு பிரஸ்ஸே வாங்கிவிடலாம். அதே அடிப்படைக் கணக்கு இன்று இலவசமாகக் கிடைக்கிறது என்பது விச்சூர், மணலி, மாதவரம் பக்கம் எத்தனை பேருக்குத் தெரியும் என்பதே என் ஆதங்கம்.

சரி, எங்கள் வேலையில் அது எப்படிப் பயன்பட்டது?

ஒரு சீல் ஆர்டரை எடுத்துக்கொள்வோம். 6,000 பீஸ். மோல்டில் 12 குழி. க்யூரிங் (சூட்டில் ரப்பரைப் பதப்படுத்துவது), ஏற்றி இறக்குவது எல்லாம் சேர்த்து ஒரு சுற்றுக்கு 9 நிமிடம். எட்டு மணி நேர ஷிப்டில் உண்மையில் ஓடுவது ஏழு மணி நேரம், அதாவது 420 நிமிடம், 46 சுற்று. 552 பீஸ் வரும், ரிஜெக்ஷன் 5 சதவீதம் கழித்தால் 524. ஆக 6,000 பீஸுக்கு 12 ஷிப்ட், இரண்டு ஷிப்ட் ஓட்டினால் ஆறு நாள். ஆனால் மொத்த பிரஸ் நேரத்தை வைத்துக் கணக்குப் போடும் எக்செல் ஷீட்டில் இதே ஆர்டர் இரண்டே நாளில் முடிந்துவிடும். நான்கு பிரஸ் காலியாக இருக்கிறதே! பிரஸ் நான்கு இருந்தாலும் அந்த சீலுக்கு மோல்டு ஒன்றுதானே?

ஃப்ரெப்பிளில் ஒரு வேலைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட ரிசோர்ஸைக் (இயந்திரம், மோல்டு, ஆள் போன்றவை) கட்டலாம். "150 டன் பிரஸ் வகையில் ஏதாவது ஒன்று, கூடவே இந்த மோல்டு" என்று எழுதிவிட்டால், இரண்டும் ஒரே நேரத்தில் கிடைக்கும் இடத்தில்தான் வேலையை வைக்கும். ரப்பர், பிளாஸ்டிக், பிரஸ் டூல் என்று மோல்டையோ டையையோ நம்பிப் பிழைக்கும் எல்லோருக்கும் இந்த ஒரு வசதி போதும், மென்பொருளை நிறுவிப் பார்க்க.

எனக்கு மிகவும் பிடித்தது வேறொரு திரை. எந்த ஆர்டரையாவது திறந்து, அது ஏன் தாமதமாகிறது அல்லது ஏன் குறைகிறது என்று காட்டும் பக்கத்துக்குப் போனால் காரணம் இருக்கும்: இந்த ரிசோர்ஸ் நிரம்பிவிட்டது, இந்தச் சரக்கு கையில் இல்லை, வாங்கி வருவதற்கே இத்தனை நாள் ஆகும். எங்கள் மார்க்கெட்டிங் தம்பி வழக்கம்போல வந்து, "மேடம், பத்தாம் தேதி கொடுத்துடலாம்ல?" என்று கேட்டபோது திரையை அவர் பக்கம் திருப்பினேன். மோல்டு பதினான்காம் தேதி வரை வேறு கஸ்டமர் வேலையில் இருப்பது சிவப்பில் தெரிந்தது. பிரஸ் ஷாப் ஃபோர்மேன் எட்டிப் பார்த்துவிட்டு, "இதத்தானே நாங்க வாய் வலிக்கச் சொல்லிக்கினு இருந்தோம்" என்றார். அவர் சொன்னது சரிதான். ஷாப் ஃப்ளோரில் இருப்பவர்களுக்குத் தெரிந்த உண்மை மேலே இருப்பவர்களுக்கும் அதே வடிவில் தெரிய ஒரு வழி கிடைத்திருக்கிறது. அந்த வாடிக்கையாளரிடம் பதினெட்டாம் தேதி என்று சொன்னோம், ஒத்துக்கொண்டார்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. திட்டம் கோணலானால் அதன் சுமை கடைசியில் இறங்குவது டிரிம்மிங் பகுதியில்தான். பிரஸ்ஸிலிருந்து சரக்கு தாமதமாக வரும், லாரி மட்டும் நேரத்துக்கு வந்து நிற்கும். ஓரத்துப் பிசிறு வெட்டும் அக்காமார் வீட்டுக்குப் போக முடியாமல் இருட்டும் வரை உட்கார்ந்திருப்பார்கள். மூன்று நாள் முன்பே டிரிம்மிங் மேசை நிரம்பப்போவது தெரிந்தால், வேலையைப் பிரித்துக் கொடுக்கலாம், ஓவர்டைம் வேண்டுமா என்று முன்கூட்டியே கேட்கலாம். டிரிம்மிங்கையும் ஒரு ரிசோர்ஸாகப் போடுங்கள் என்று இதைப் படிக்கும் ஒவ்வொரு பிளானரிடமும் கேட்டுக்கொள்கிறேன். இயந்திரத்தை மட்டும் கணக்கில் எடுத்துவிட்டு மனிதர்களை விட்டுவிடும் திட்டம் பாதித் திட்டம்தான்.

செட்டப் மேட்ரிக்ஸ் என்று ஒரு அட்டவணை உண்டு. கறுப்புக் காம்பவுண்டு ஓடிய மில்லில் (ரப்பரைக் கலக்கும் உருளை இயந்திரத்தில்) வெள்ளை போடுவதென்றால் ரோல், தட்டு, கைடு எல்லாம் துடைத்து, கழிவு ரப்பர் ஓட்டி எடுக்க எங்களுக்கு மூன்று மணி நேரம். வெள்ளையிலிருந்து கறுப்புக்குப் போக இருபது நிமிடம் போதும். எதிலிருந்து எதற்கு மாறினால் எவ்வளவு நேரம் என்று அந்த அட்டவணையில் எழுதினால் திட்டத்தில் சேர்ந்துவிடும். ஆனால் எல்லா வெள்ளையையும் ஒன்றாகச் சேர்த்து ஓட்டும் சாமர்த்தியத்தை அதனிடம் முழுதாக விட்டுவிட வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மில் சுத்தம் செய்ததும் திங்கள் முதல் ஷிப்டில் வெள்ளை என்பது எங்கள் ஏற்பாடு, அதை நானே வைத்துவிடுகிறேன். மோல்டு ஏற்றிவிட்ட வேலைகளைக் கன்ஃபர்ம்ட் என்று குறித்தால், அடுத்த ரன் அவற்றை நடக்கும் வேலையாக எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் திட்டமிடும்.

நம் ஊருக்கு மிகவும் பொருந்துவது காலண்டர். மின்வாரியத்தின் பராமரிப்பு மின்தடை நாளில் காலை 9 மணி முதல் மதியம் 2 மணி வரை பிரஸ் கிடையாது. ஆயுத பூஜை, பொங்கல். பீகார் தம்பிகள் சத் பூஜைக்கு ஊருக்குப் போகும் வாரம். இதையெல்லாம் ரிசோர்ஸ் வாரியாகப் போட்டு வைத்தால் தீபாவளிக்குப் பிறகு வரும் வாரங்களில் எதையும் தலைகீழாக மாற்ற வேண்டியதில்லை.

ஐப்பசி, கார்த்திகை மழைக்கு சினாரியோ. இருக்கும் தரவை அப்படியே ஒரு நகல் எடுத்து, அதில் எதை வேண்டுமானாலும் மாற்றித் திட்டம் போட்டுப் பார்க்கலாம்; அசலுக்கு எதுவும் ஆகாது. 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் கொட்டிய மழை வடசென்னையில் யாருக்கும் மறக்காது. மணலி புதுநகர் பக்கம் தண்ணீர் நின்ற பிறகு உள்ளே லாரியும் வராது, ஆளும் வர முடியாது. அதனால் மழைக்காலம் தொடங்கும் முன்பே "பிரஸ் ஷாப் ஐந்து நாள் நின்றால்" என்று ஒரு சினாரியோ ஓட்டுகிறேன். எந்த ஆர்டர்கள் அடிபடும் என்று பட்டியல் வரும். அவற்றை மட்டும் முன்கூட்டி ஓட்டி, உயரமான ரேக்கில் ஏற்றிவிடலாம். கொரியாவிலிருந்து கப்பலில் வரும் நைட்ரைல் ரப்பருக்கும் இதே வழிதான். கன்டெய்னர் பத்து நாள் தள்ளினால் எந்த சீல் நிற்கும் என்று பர்ச்சேஸ் ஆர்டரின் தேதியை நகலில் மாற்றினாலே தெரிந்துவிடும்.

ப்ரியாரிட்டி பற்றி ஒரு எச்சரிக்கை. இதில் எண் சிறியதாக இருந்தால்தான் முக்கியத்துவம் அதிகம். திட்டம் போடும்போது முக்கியமான ஆர்டருக்கு முதலில் இடம் பிடித்துவிட்டு, மிச்ச இடத்தில்தான் மற்றவற்றை வைக்கும். எனவே எல்லா ஆர்டருக்கும் 1 போட்டால் யாருக்கும் முன்னுரிமை இல்லை என்றாகிவிடும். எங்கள் கம்பெனியில் அந்த எண்ணை மாற்றும் உரிமை முதலாளிக்கு மட்டும். இது மென்பொருள் தீர்க்க முடியாத விஷயம், கம்பெனிதான் முடிவெடுக்க வேண்டும்.

இனி கணிப்பு. எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான்: "அடுத்த மாசம் எவ்ளோ போகும்னு சொல்லுமா?" மென்பொருள் விற்க வருகிறவர்களும் இதைத்தான் முதலில் காட்டுகிறார்கள். எங்களுக்கு டெமோ காட்டிய ஒரு நிறுவனத்தின் திரையில் ஆறு மாதத்துக்கு வளைகோடு அழகாக ஓடியது. மோல்டு ஒன்றுதான் என்பதை எங்கே எழுதுவது என்று கேட்டேன், அதற்கு அவர்களிடம் இடம் இல்லை. கெப்பாசிட்டி தெரியாமல் கணிப்பு மட்டும் தெரிந்து என்ன பயன்?

நான் கணிப்பை இப்போதைக்கு எக்செல்லில் செய்து, டிமாண்டாக ஏற்றுகிறேன். கோடைக்கு முன்பு ஏறும் பம்பு சீல் போன்றவற்றுக்கு எக்செல்லில் இருக்கும் ஃபோர்காஸ்ட் இ.டி.எஸ். ஃபார்முலா போதும். சிக்கல் டயாஃப்ரம் போன்ற ஸ்பேர் ஐட்டங்களில்தான்: மூன்று மாதம் பூஜ்யம், நான்காவது மாதம் திடீரென 400. சாதாரண எக்ஸ்பொனென்ஷியல் ஸ்மூத்திங் (அண்மை மாதங்களுக்கு அதிக எடை தரும் சராசரி) போட்டால் ஆர்டர் வந்த மறுமாதம் எண் எகிறும், பிறகு மெதுவாக இறங்கும். அதாவது அடுத்த ஆர்டர் மிகத் தள்ளி இருக்கும்போது அதிகமாகவும், நெருங்கும்போது குறைவாகவும் சொல்லும். 1972இல் கிராஸ்டன் என்பவர் எழுதிய கணிப்பு முறை இதை இரண்டாகப் பிரிக்கிறது: வரும்போது எவ்வளவு வருகிறது, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை வருகிறது. 400 பீஸ் நான்கு மாதத்துக்கு ஒருமுறை என்றால் மாதத்துக்கு 100. ஆர்டர் வரும்போது மட்டும் இரண்டு எண்களையும் திருத்தினால் போதும். ஃப்ரெப்பிளின் கணிப்புப் பகுதியிலும் இந்த முறை உண்டு. ஸ்பேர் பார்ட்ஸ் செய்பவர்கள் வேறெதையும் தேடும் முன் இதைப் பாருங்கள்.

சிரமம் என்று சொன்னால், தரவு சேர்ப்பதுதான் பெரிய வேலை. ஒவ்வொரு மோல்டுக்கும் உண்மையான சுற்று நேரத்தை ஸ்டாப்வாட்ச் வைத்து அளக்க வேண்டும். டிராயிங்கில் இருக்கும் க்யூரிங் நேரம் இதற்கு உதவாது. லினக்ஸ் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருப்பது நல்லது. வேலைகளை மவுசால் இழுத்து இடம் மாற்றும் பிளான் எடிட்டர் காசு கொடுத்து வாங்கும் பதிப்பில்தான். எங்கள் அளவுக்கு அது இல்லாமலே ஓட்டிவிடலாம், முப்பது நாற்பது பிரஸ் வைத்திருப்பவர்கள் யோசிக்கலாம். திரை ஆங்கிலத்தில் இருப்பதால் ஷாப் ஃப்ளோருக்கான அன்றாடப் பட்டியலை எக்செல்லில் இறக்கி, தமிழில் அச்சிட்டு ஒட்டுகிறோம்.

தொடங்குபவர்கள் மொத்தக் கம்பெனியையும் ஏற்ற வேண்டாம். எந்த இயந்திரத்தின் முன்னால் எப்போதும் சரக்கு குவிந்து நிற்கிறதோ அதையும், அதில் ஓடும் பத்துப் பதினைந்து ஐட்டங்களையும் மட்டும் ஏற்றுங்கள். பழைய டெஸ்க்டாப் ஒன்றில் உபுண்டு போட்டால் போதும். முதல் திட்டத்தை அச்சிட்டு ஃபோர்மேனிடம் கொடுத்து, "இதுல எது நடக்காது, சொல்லுங்கண்ணா" என்று கேளுங்கள். அவர் பென்சிலால் வட்டமிடும் ஒவ்வொரு வரியும் நீங்கள் இன்னும் எழுதிக் கொடுக்காத ஒரு கட்டுப்பாடு. அவற்றையும் ஏற்றிவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.