கியர் இடித்தது, பழுது பின்கதவில் இருந்தது

நான் ஓட்டுவது 1984 மாடல் ஜெர்மன் டீசல் கார். நான்கு கியர், ஆட்டோமேட்டிக். 2013இல் அப்பாவின் நண்பரான ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியரிடமிருந்து வாங்கினேன். வீடு பட்டர்வொர்த், வேலை பாயான் லெப்பாஸ், அதனால் தினமும் பினாங்குப் பாலம். அந்தப் பாலம் 1985இல் திறந்தபோதே இந்தக் கார் ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பெருமையாக இருக்கும்.

முதல் ஆறு வருடம் எண்ணெய் மாற்றினேன், பிரேக் மாற்றினேன், அவ்வளவுதான். 2019இல் கியர் இடிக்க ஆரம்பித்தது. இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும்போது பின்னாலிருந்து யாரோ மோதியது போல ஒரு குலுக்கல். ஒரு வெள்ளிக்கிழமை தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகும் வழியில் அம்மா மடியில் இருந்த பூத்தட்டு சரிந்து பூவெல்லாம் சீட்டுக்கு அடியில் போனது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் மனசு கேட்கவில்லை.

முதலில் போன பட்டறையில் காரை ஓட்டிக்கூடப் பார்க்கவில்லை. "பழைய கியர்பாக்ஸ், இறக்கி ஓவர்ஹால் பண்ணணும், 4,500 வெள்ளி (ரிங்கிட்)" என்றார்கள். அந்தப் பணத்தைக் கொடுக்கத் தயாராகத்தான் இருந்தேன். அதற்கு முன் இன்னொருவரிடம் காட்டலாம் என்று பக்கத்து ஊரான பிறையில் ஒரு வயதான மெக்கானிக்கிடம் போனேன். அவர் பானெட்டைத் திறப்பதற்கு முன்பே கேட்டார்: "தம்பி, சாவியை அணைச்சா எஞ்சின் உடனே நிக்குதா?"

நிற்கவில்லை. மூன்று நான்கு விநாடி தடதடவென்று ஆடிவிட்டுத்தான் நிற்கும். வயசான கார் அப்படித்தான் என்று விட்டிருந்தேன். அதற்கும் கியருக்கும் என்ன சம்பந்தம் என்று அவர் விளக்கிய பிறகுதான் கார் எனக்குப் புரிந்தது.

பெட்ரோல் எஞ்சினில் காற்று போகும் வழியை ஒரு தகடு மறைக்கும், அதனால் உறிஞ்சும் விசை (வேக்குவம்) தானாகக் கிடைக்கும். என் டீசலில் அந்தத் தகடே கிடையாது. அதனால் எஞ்சின் முன்பக்கத்தில் தனியாக ஒரு வேக்குவம் பம்ப். பிரேக் பூஸ்டர், எஞ்சினை அணைக்கும் டப்பி, கதவுப் பூட்டுகள், கியர்பாக்ஸ் எல்லாம் அந்த ஒரே பம்பை நம்பித்தான் இருக்கின்றன. டீசல் பம்பின் மேல் உள்ள ஒரு வால்வு, நாம் ஆக்சிலரேட்டர் பெடலை மிதிக்க மிதிக்க கியர்பாக்ஸுக்குப் போகும் வேக்குவத்தைக் குறைக்கும். வேக்குவம் குறைந்தால் உள்ளே எண்ணெய் அழுத்தம் கூடும், கியர் இறுக்கமாகப் பிடிக்கும். எங்காவது ஓட்டை இருந்தால், மெல்ல மிதித்தாலும் முழுசாக மிதித்ததாகவே கியர்பாக்ஸ் எடுத்துக்கொள்ளும். அதனால்தான் இடி.

இது தெரிந்துவிட்டால் ஓட்டும்போதே பாதிக் கண்டுபிடித்துவிடலாம். பாயா தெருபோங் மேட்டில் நன்றாக மிதித்து ஏறும்போது என் கார் ஒழுங்காகவே மாறும். சமதளத்தில் கால் மெதுவாக இருக்கும்போதுதான் இடிக்கும். உள்ளே கிளட்ச் தேய்ந்திருந்தால் கதை தலைகீழ்: மேட்டில், பாரத்தில் எஞ்சின் வேகம் மட்டும் எகிறும், வண்டி நகராது. எண்ணெயில் கருகிய வாடை வரும். அப்படி இருந்தால் ஓட்டாதீர்கள், இழுத்துக்கொண்டு போங்கள்.

அவர் எண்ணெயிலிருந்து தொடங்கினார். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, நன்றாகச் சூடேறியதும், எஞ்சின் ஓடும்போதே கியரை 'பி'யில் வைத்து அளவுகோலை இழுத்து வெள்ளை டிஷ்யூவில் துடைத்தார். அடர்ந்த சிவப்பு, கருகல் வாடை இல்லை. (எஞ்சினை அணைத்துவிட்டுப் பார்த்தால் அளவு தப்பாகக் காட்டும். நானே வருடக்கணக்கில் அப்படித்தான் பார்த்திருக்கிறேன்.) அடுத்து கியர்பாக்ஸ் பக்கம் வரும் மெல்லிய வேக்குவம் குழாயைப் பிடுங்கி விளக்கைக் காட்டினார். உள்ளே காய்ந்திருந்தது. அதில் சிவப்பு எண்ணெய் இருந்தால் கியர்பாக்ஸில் இருக்கும் மாடுலேட்டரின் (வேக்குவத்துக்கு ஏற்ப எண்ணெய் அழுத்தத்தை மாற்றும் பாகம்) ரப்பர் சவ்வு கிழிந்துவிட்டது என்று அர்த்தம்.

பிறகு வேக்குவம் மீட்டரை மாட்டினார். ஐட்லிங்கில் பம்பிலிருந்து 20 அங்குலத்துக்கு (பாதரச அளவில்) மேல் வர வேண்டும். முள் 12இல் தடுமாறியது. ஒவ்வொரு கிளையாகக் கழற்றி, குழாயின் வாயில் ஆணி வைத்து அடைத்துப் பார்த்தார். கதவுப் பூட்டுக்குப் போகும் கிளையை அடைத்தவுடன் முள் 22க்கு ஏறி அப்படியே நின்றது. பழுது இடது பின்கதவில்: பூட்டை இயக்கும் டப்பியின் சவ்வு கிழிந்திருந்தது. எஞ்சின் பக்கம் இருந்த ரப்பர் இணைப்பு ஒன்றைக் கழற்றி என் கையில் வைத்தார். லேசாக அழுத்தினேன், காய்ந்த அப்பளம் மாதிரி நொறுங்கியது. முப்பத்தைந்து வருட எஞ்சின் சூடு.

அதோடு முடியவில்லை. வேக்குவம் சரியானதும் கியர் வேறு மாதிரி நடந்துகொண்டது. இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில் எஞ்சின் ஒரு கணம் எகிறியது. எனக்கு வயிறு கலங்கிவிட்டது. காரணம், இடியைக் குறைக்க முன்பு யாரோ மாடுலேட்டர் திருகைத் திருப்பி அழுத்தத்தைக் குறைத்து வைத்திருக்கிறார்கள். அதை அரை அரைச் சுற்றாகப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து, ஒவ்வொரு தடவையும் ஓட்டிப் பார்க்க ஒரு மாலை முழுக்கப் போனது. அதனால்தான் சொல்கிறேன்: ஓட்டையைக் கண்டுபிடிக்காமல் அந்தத் திருகை யாரையும் தொட விடாதீர்கள். கியர் சீக்கிரமோ தாமதமாகவோ மாறுகிறது என்றால் அது வேறு விஷயம். பெடலிலிருந்து கியர்பாக்ஸுக்குப் போகும் கேபிளின் நீளத்தைப் பார்க்க வேண்டும்.

எல்லாம் சேர்த்து 180 வெள்ளி. கதவு டப்பி பழைய சாமான் கடையில் கிடைக்க மூன்று மாதம் ஆனது. அதுவரை அந்தக் கிளையை அடைத்தே வைத்து, கதவுகளைக் கையால் பூட்டினேன்.

அதற்கப்புறம் 40,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை கியர் எண்ணெயும் ஃபில்டரும் மாற்றுகிறேன். என் கியர்பாக்ஸில் டார்க் கன்வெர்ட்டருக்கும் (எஞ்சின் விசையை எண்ணெய் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) தனி வடிகால் திருகு உண்டு. அதையும் கழற்றச் சொல்லுங்கள், இல்லையென்றால் பழைய எண்ணெயில் பாதி உள்ளேயே தங்கிவிடும். 2024 ஜூனில் டீசல் 2.15லிருந்து 3.35 வெள்ளிக்கு ஏறியபோது விற்றுவிடச் சொன்னவர்கள் உண்டு. விற்க மனம் வரவில்லை.

இப்போது காலையில் எஞ்சின் சூடேறும் வரை மூன்றிலிருந்து நான்குக்கு மாறுவதில் ஒரு சின்ன உதறல் இருக்கிறது. ரப்பர் இணைப்புகள் புதுசு வாங்கி டாஷ்போர்டில் வைத்திருக்கிறேன், இந்த வாரக் கடைசியில் மாற்ற வேண்டும். இரவு வீட்டு வாசலில் சாவியை அணைத்தால் எஞ்சின் அந்த நொடியே நிற்கிறது. கதவைப் பூட்டினால் நான்கும் ஒரே நேரத்தில் 'டப்' என்று இறங்குகின்றன, இடது பின்கதவும் சேர்த்து.