டைரக்டரில் துணைச் சாளரம்: குளோஸா, ஃபர்கெட்டா?

2017இல் விற்பனை நிறுத்தப்பட்ட பல்லூடக உருவாக்க மென்பொருளான மேக்ரோமீடியா டைரக்டரில் தனிச் சாளரமாகத் திறந்த துணைப் படத்தை ('மூவி' எனப்படும் டைரக்டர் கோப்பு) அகற்ற, அதன் லிங்கோ நிரல்மொழி 'குளோஸ்', 'ஃபர்கெட்' என இரு கட்டளைகளைத் தருகிறது. குளோஸ் சாளரத்தைத் திரையிலிருந்து மறைக்குமே தவிர, படம் நினைவகத்தில் இருந்தபடி ஓடிக்கொண்டேயிருக்கும். கண்ணுக்குத் தெரியாத படத்தின் நிரல் பின்னணியில் இயங்கிக் குழப்புவது இதனால்தான். இருந்தாலும், அடிக்கடி வந்துபோகும் உதவிப் பலகைக்கு நான் குளோஸையே பரிந்துரைப்பேன்; 'ஓப்பன்' கட்டளை தந்ததும் அது உடனே வந்து நிற்கும்.

ஃபர்கெட் படத்தை நிறுத்திச் சாளரத்தையும் மூடி, நினைவகத்திலிருந்தே நீக்கிவிடும் என்றாலும், அச்சாளரத்தை ஏதேனும் குளோபல் மாறி (நிரல் முழுவதற்கும் பொதுவான மாறி) சுட்டிக்கொண்டிருக்கும்வரை நினைவகம் விடுபடாது என்பதால், அந்த மாறியையும் 'வாய்ட்' (மதிப்பில்லாதது) ஆக்க வேண்டும். ஒருமுறை மட்டும் ஓடும் கனமான அறிமுகக் காணொளிக்கு ஃபர்கெட்டே பொருந்தும்.