சிறப்புப் பள்ளியில் தன்னார்வப் பணி: சேர நினைப்பவர்களுக்கு ஒரு மதிப்புரை

கடலூரிலிருந்து பேருந்தில் போய்வரக்கூடிய தூரத்தில், புதுச்சேரிப் பகுதியில் உள்ள ஒரு சிறப்புப் பள்ளியில் நான் தன்னார்வலராக இருக்கிறேன். அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகள் அங்கே படிக்கிறார்கள். வெளியாருக்கு அந்தப் பள்ளி தரும் வாய்ப்பு எத்தகையது, யாருக்குப் பொருந்தும் என்பதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் பாராட்ட வேண்டியது, வந்தவுடன் யாரையும் வகுப்பில் இறக்கிவிடாத அவர்களுடைய கண்டிப்பை. தொடக்க வாரங்களில் ஓரமாக உட்கார்ந்து கவனிப்பது மட்டுமே நம் வேலை. எந்தத் தன்னார்வலரும் ஒரு பிள்ளையுடன் தனி அறையில் இருக்க அனுமதி இல்லை. சாப்பாடு ஊட்டவும் விடுவதில்லை. விழுங்குவதில் சிரமம் உள்ள பிள்ளைக்குத் தலை பின்னால் சாய்ந்த நிலையில் ஊட்டினால் உணவு மூச்சுக்குழாய்க்குள் போய்விடக்கூடும் என்பதால், அதைப் பயிற்சி பெற்றவர்களே செய்கிறார்கள். உதவ வந்தவர்களைச் சந்தேகிக்கிறார்களே என்று சிலர் வருந்துவதுண்டு. என் பிள்ளை அங்கே படித்தால் நானும் இதே கண்டிப்பைத்தான் எதிர்பார்ப்பேன்.

கவனிக்கும் அந்த வாரங்கள் வீணாவதில்லை. சட்டைப் பொத்தான் போடக் கற்றுத்தரும் முறையையே எடுத்துக்கொள்ளுங்கள். பொத்தானைத் துளைக்குள் பாதிவரை ஆசிரியரே நுழைத்துவிடுகிறார்; மறுபக்கம் தெரியும் விளிம்பைப் பிடித்து இழுப்பது மட்டும் பிள்ளையின் பங்கு. அது கைவந்த பின் அதற்கு முந்தைய படி, பிறகு அதற்கும் முந்தையது என்று பயிற்சி முடிவிலிருந்து தொடக்கத்தை நோக்கி நகர்வதால், ஒவ்வொரு முறையும் வேலையை முடித்து வைப்பவர் பிள்ளையாகவே இருக்கிறார். மேசைமேல் விரித்த துணியில் நன்றாகப் பழகிய பிள்ளை தான் அணிந்த சட்டையில் தடுமாறினால், அது மறதியன்று. பார்க்கும் கோணம் தலைகீழாகிவிடுகிறது. இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான், பொறுமை என்று நாம் பொதுவாகச் சொல்வதற்குள் எவ்வளவு தொழில்நுட்பம் இருக்கிறது என்பது எனக்கு விளங்கியது. ஒன்றைக் கேட்டுவிட்டு, மனத்துக்குள் பத்து எண்ணும்வரை மறுபடி கேட்காமல் காத்திருக்கவும் அங்கேதான் பழகினேன்.

பொதுத்தேர்வு எழுதும் மூத்த மாணவர்கள் சிலருக்குச் சொல்வதை எழுதுபவர் தேவைப்படுகிறார். 2018ஆம் ஆண்டு மத்திய அரசின் வழிகாட்டு நெறிமுறைகள் இத்தகையவர்களுக்குத் தேர்வின் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் 20 நிமிடங்களுக்குக் குறையாத கூடுதல் நேரத்தைப் பரிந்துரைத்தன. உண்மையான தேர்வுக்கு முன், அந்த நேரத்தைப் பயன்படுத்திப் பழக மாதிரித் தேர்வுகளில் உதவலாம். மாணவர் தவறாகச் சொன்னாலும் சொன்னபடியே எழுதும் கட்டுப்பாடு வேண்டும்.

குறைகளும் உள்ளன. தன்னார்வலருக்குத் தரும் கையேடு ஆங்கிலத்தில் மட்டுமே இருக்கிறது. அருகிலுள்ள ஊர்களிலிருந்து வரும் இல்லத்தரசிகளும் ஓய்வுபெற்றவர்களும் பிறரைக் கேட்டே அதைப் புரிந்துகொள்கிறார்கள். இதைவிடப் பெரிய குறை, வகுப்பு நேரத்தில் பிறந்தநாள் கொண்டாட வருவோரை அனுமதிப்பது. கேக், பாட்டு, கைதட்டல், படம் எடுத்தல் என்று வந்தவர்கள் மகிழ்ந்து திரும்பிவிடுகிறார்கள். இரைச்சலைத் தாங்க முடியாத ஆட்டிசப் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு அழ, அன்றைய பிற்பகல் பயிற்சி முழுவதும் குலைகிறது. நன்கொடை பள்ளிக்குத் தேவை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அதைப் பெறுவதற்கு வகுப்பறையைக் காட்சிக்கு வைக்க வேண்டியதில்லை. அலுவலகத்திலேயே வாங்கிக்கொள்ளலாம் என்று நிர்வாகத்திடம் சொல்லியிருக்கிறேன்.

வாரத்தில் ஒரே கிழமையில், ஒரே நேரத்தில், குறைந்தது ஒரு கல்வியாண்டுக்கு வர முடிந்தவர்களுக்கு இந்தப் பணியைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். அன்றாட ஒழுங்கு மாறினால் கலங்கும் பிள்ளைகளிடம் முகங்கள் அடிக்கடி மாறுவது நல்லதல்ல. ஆகவே சான்றிதழுக்காகச் சில நாள் வர விரும்பும் கல்லூரி மாணவர்கள், கற்பித்தல் பொருள்கள் செய்யும் அறையில் பட அட்டைகளை வெட்டி ஒட்டித் தரலாம். அந்த வேலைக்கு அங்கே எப்போதும் ஆள் போதாது.