எஸ்இஎல்-421 டிஸ்டன்ஸ் ரிலே: பெட்டியில் குறை குறைவு, கே0-வில் கவனம்

230 கே.வி., 400 கே.வி. லைன்களில் மெயின்-1, மெயின்-2 என்று இரண்டு பாதுகாப்பு ரிலேக்கள் வைப்பது இந்தியாவில் வழக்கம். லைனில் பழுது (ஃபால்ட்) வந்தால் பிரேக்கரைத் திறக்க வைப்பவை இவை. டிஸ்டன்ஸ் ரிலே என்பது வோல்டேஜைக் கரன்ட்டால் வகுத்து வரும் ஓமை வைத்து ஃபால்ட்டின் தூரத்தை அறியும் வகை. அதில் ஒன்றாக ஷ்வைட்சர் நிறுவனத்தின் எஸ்இஎல்-421-ஐ யோசிப்பவர்களுக்காக இது. 1984-இல் முதல் டிஜிட்டல் டிஸ்டன்ஸ் ரிலேயை விற்பனைக்குக் கொண்டுவந்த அமெரிக்க நிறுவனம் இது. வாரண்டி 10 ஆண்டு.

ஐந்து ஜோன்கள் (ரிலே கண்காணிக்கும் தூர எல்லைகள்), அவற்றுக்கு மோ (வட்ட) வடிவமும் நாற்கர வடிவமும், ஒற்றை ஃபேஸ் ட்ரிப், ஆட்டோ ரீகுளோஸ் (பிரேக்கரைத் தானே மறுபடி மூடுவது), இரண்டு பிரேக்கருக்கான பிரேக்கர் ஃபெயிலியர் (பிரேக்கர் திறக்காவிட்டால் காப்பது), எல்லாம் ஒரே பெட்டியில். பஸ்ஸுக்கு (சப்ஸ்டேஷனில் லைன்கள் சேரும் கம்பி) அருகிலேயே மூன்று ஃபேஸும் ஷார்ட் ஆனால் வோல்டேஜ் பூஜ்யமாகிவிடும். அப்போதும் நினைவில் வைத்திருக்கும் பழைய வோல்டேஜைக் கொண்டு திசையைச் சரியாகச் சொல்கிறது. ஃபால்ட் பதிவு 8 கிலோஹெர்ட்ஸ் வரை கிடைப்பதால் ட்ரிப்பின் காரணத்தை ஊகிக்க வேண்டியதில்லை, அலையிலேயே பார்த்துவிடலாம்.

இனி செட்டிங். 100 கி.மீ. 230 கே.வி. லைன், கி.மீ.க்கு 0.4 ஓம் என்றால் மொத்தம் 40 ஓம். சி.டி. (கரன்ட்டைக் குறைத்து ரிலேக்குத் தரும் மின்மாற்றி) 800/1, பி.டி. (வோல்டேஜைக் குறைத்துத் தருவது) 230 கே.வி./110 வோல்ட் என்றால் பெருக்க வேண்டிய விகிதம் 0.383, செகண்டரியில் (ரிலே பக்கம்) 15.3 ஓம். ஜோன்-1 80 சதவீதம், அதாவது 12.2 ஓம், தாமதமில்லை. ஜோன்-2 120 சதவீதம், 18.4 ஓம், சுமார் 0.35 நொடி. இதுவரை யாரும் தடுக்கி விழுவதில்லை.

விழுவது கே0-வில், அதாவது எர்த் ஃபால்ட்டின் தூரத்தைச் சரியாகக் கணிக்க ரிலேக்குத் தரும் திருத்த எண்ணில். இந்த ரிலே கேட்பது (இசட்0 − இசட்1) ÷ 3இசட்1. இசட்1 லைனின் வழக்கமான இம்பிடன்ஸ் (மேலே சொன்ன 40 ஓம்), இசட்0 தரை வழியாகத் திரும்பும் கரன்ட்டுக்கான இம்பிடன்ஸ். இசட்0 120 ஓம் என்றால் விடை 0.667. சில ரிலேக்கள் இதையே வேறு வடிவத்தில் கேட்கும்: ஆர் (ரெசிஸ்டன்ஸ்), எக்ஸ் (ரியாக்டன்ஸ்) தனித்தனியாகவோ, இசட்0-ஐ நேரடியாகவோ. பழைய ரிலேயின் செட்டிங் தாளைப் பார்த்து, 3-ஆல் வகுக்க மறந்து 2 என்று போட்டால், ஒற்றை ஃபேஸ் எர்த் ஃபால்ட்டில் 80 சதவீத ஜோன்-1 ஏறக்குறைய 144 சதவீதம் எட்டும். பக்கத்து லைனில் ஃபால்ட் வந்தாலும் நம் பிரேக்கர் தாமதமின்றித் திறக்கும். ஒற்றை ஃபேஸ் இன்ஜெக்‌ஷனில் (ரிலேக்குச் செயற்கையாகக் கரன்ட், வோல்டேஜ் கொடுத்து) 79 சதவீதத்தில் ஜோன்-1 இயங்குகிறதா, 81-இல் இயங்காமல் இருக்கிறதா என்று சோதிக்காமல் லைனை சார்ஜ் செய்யவே கூடாது.

அடுத்தது ஜோன்-3, பக்கத்து லைன்களையும் பார்க்கும் பின்காப்பு. 2012 ஜூலை 30 அதிகாலை 2:33-க்கு வட இந்தியா இருளில் மூழ்கியபோது முதலில் விழுந்தது பினா–குவாலியர் 400 கே.வி. லைன். அதில் ஃபால்ட் இல்லை. மிகுந்த லோடையே ஜோன்-3 ஃபால்ட்டாக எடுத்துக்கொண்டது. 421-இல் இதற்கென லோட் என்க்ரோச்மென்ட் வசதி உண்டு, அதை இயக்கியாக வேண்டும். அமெரிக்க விதிப்படி 150 சதவீத கரன்ட், 0.85 மடங்கு வோல்டேஜ், இரண்டுக்கும் இடையே 30 டிகிரி கோணம் என்று கணக்கிட்டால், 800 ஆம்பியர் லைனுக்கு 94 ஓம், செகண்டரியில் 36. முன்திசை லோட் இம்பிடன்ஸை அதற்குச் சற்றுக் கீழே வையுங்கள்.

பி.டி.யின் எம்.சி.பி. (சிறு பாதுகாப்பு சுவிட்ச்) விழுந்தால் வோல்டேஜ் வராது, ரிலேக்கு அது பூஜ்ய ஓம் ஃபால்ட் போலத் தெரியும். எனவே வோல்டேஜ் இழப்புத் தடையை 'இல்லை' என்று விடாதீர்கள். சோர்ஸ் பலவீனமான இடத்தில் சி.வி.டி. (கப்பாசிட்டர் வகை பி.டி.) அலைவால் ஜோன்-1 அதிகம் எட்டும்; அங்கே சி.வி.டி. தடையையும் போடவும். ஜோன்-1 1.5 சைக்கிள் வரை தாமதப்படலாம், ஏற்கத்தக்கதே.

குறைகள்: முன்பக்கத் திரை சிறியது, முன்போர்ட் இன்றும் ஒன்பது முள் சீரியல்தான், மாற்றி கேபிளைக் கையோடு கொண்டுபோக வேண்டும். லாஜிக்கைப் பெரும்பாலும் எழுத்துச் சமன்பாடாக எழுத வேண்டும். கட்டம் வரைந்து பழகியவர்களுக்கு எரிச்சலாக இருக்கும். மரக்கிளை தொடும் உயர் ரெசிஸ்டன்ஸ் ஃபால்ட்டை மோ பார்க்காது, திசையறியும் எர்த் ஓவர்கரன்ட்டையும் சேர்த்தால்தான் முழுமை. மிகக் குறுகிய லைனுக்கு இது வேண்டாம், அங்கே டிஃபரன்ஷியல் (லைனின் இரு முனைக் கரன்ட்டையும் ஒப்பிடும் ரிலே) வாங்குங்கள்.

சி.டி. செகண்டரி 1 ஆம்பியரா 5 ஆம்பியரா, டி.சி. 110-ஆ 220-ஆ என்பதெல்லாம் ஆர்டர் எண்ணிலேயே முடிவாகிவிடும். பின்னால் செட்டிங்கில் மாற்ற முடியாது. ஐ.இ.சி. 61850 (சப்ஸ்டேஷன் கருவிகள் தகவல் பரிமாறும் தரநெறி) வேண்டுமென்றால் அதையும் ஆர்டரிலேயே கேட்டு வாங்குங்கள்.