திருகோணமலையில் ஒன்பது நாள் வாடகை சைக்கிள்

முதலில் சீட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கடைக்காரர் எடுத்துக் கொடுத்த சைக்கிளில் ரெக்சின் போர்த்திய ஸ்பாஞ்சு சீட்டு இருந்தது. கடைக்குள் ஏறி உட்கார்ந்து பார்த்தால் மெத்தென்று இருக்கும். பத்தாவது கிலோமீட்டரில் ஸ்பாஞ்சு அமுங்கி, அடியில் இருக்கிற தகரம் பேச ஆரம்பிக்கும். வேதாரண்யம் பக்கம் 31 வருடம் தபால் பையோடு மிதித்தவன் என்பதால் உட்காராமலே எனக்கு இது தெரியும். கடையைச் சுற்றிக் கண்ணை ஓட்டினேன். மூலையில் பழைய டயர்க் குவியலுக்குப் பின்னால், ஸ்பிரிங் வைத்த தோல் சீட்டு ஒன்று தூசி படிந்து கிடந்தது. அதை மாட்டித் தரச் சொன்னேன்.

“அது பழசு ஐயா.”

“நானும்தான்.”

சிரித்துக்கொண்டே மாட்டினார். கடையின் பெயரை எழுதப்போவதில்லை. குறையும் சொல்ல வேண்டியிருக்கிறது, ஒருத்தர் பிழைப்பில் மண் போட வேண்டாம். நகருக்குள் இருக்கிற சாதாரண ரிப்பேர் கடைதான். வெளிநாட்டுக்காரர்கள் கடற்கரைக்கு வருகிற மாதங்களில் ஏழெட்டு சைக்கிளை வாடகைக்கும் விடுகிறார்.

நான் போனது 2025 ஜூலையில். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் 2023 அக்டோபரில் ஆரம்பித்து, சீக்கிரமே நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடியபோதே மனசுக்குள் முடிவு பண்ணிவிட்டேன். நாலு மணி நேரத்தில் அக்கரை. யாழ்ப்பாணத்தில் ஓர் இரவு தங்கி, வவுனியா வழியாகப் பஸ். சொந்த சைக்கிளைக் கொண்டுபோயிருக்கலாமே என்று மகன் கேட்டான். கழற்றிக் கட்டி, துறைமுகத்தில் ஆளாளுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க எனக்குப் பொறுமை கிடையாது. தவிர, வாடகை சைக்கிள் என்ற வார்த்தைக்கே என் வயதுக்காரர்களிடம் ஒரு மயக்கம் உண்டு. மணிக்கணக்கு எழுதி வாங்கி ஓட்டிப் பழகியவர்கள் நாங்கள்.

வாடகை நாளைக்கு 800 ரூபாய், இலங்கைக் காசு. நம் காசில் 230 பக்கம் வரும். முன்பணம் 10,000. பாஸ்போர்ட்டை வைத்துவிட்டுப் போகச் சொன்னார். முடியாது என்றேன், நகல் போதும் என்று இறங்கி வந்தார். யாரும் அசலைக் கொடுத்துவிடாதீர்கள். அப்புறம் என் தொழில் பழக்கம் ஒன்று: சைக்கிளை வாங்குமுன் அதை ஒரு சுற்றுச் சுற்றி, எங்கே விரிசல், எங்கே கீறல், என்ன இல்லை என்று ஒரு தாளில் எழுதி, கீழே அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டேன். “இது என்ன ஐயா, தபால் கந்தோர் மாதிரி” என்றார். தபால் கந்தோர்தான் என்றேன். அலுவலகத்துக்கு அங்கே கந்தோர் என்றுதான் பெயர்.

சைக்கிள் கறுப்பு நிறம், கியர் கிடையாது, 28 இஞ்ச் சக்கரம், சட்டத்தில் ஒட்டியிருந்த பெயர் உரிந்து போயிருந்தது. கேரியர் பலமானது. என் பன்னிரண்டு கிலோ மூட்டைக்கு அது முனகக்கூட இல்லை. செயின் புதிது. பால்ரஸ் (உள்ளே உருளுகிற இரும்புக் குண்டுகள்) எல்லாம் சமீபத்தில் கழற்றித் துடைத்து ஓவராயில் பண்ணியது என்று பெடலைக் கையால் சுற்றிவிட்டதுமே தெரிந்தது, சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. இதுவரைக்கும் கடைக்கு நல்ல மதிப்பெண்.

பிரேக்குக்குப் பூஜ்யம். கோணேசர் கோயிலுக்குப் போய்விட்டு, அது இருக்கிற பாறையிலிருந்து (அதற்கும் சுவாமிமலை என்றுதான் பெயர்) கோட்டை வாசலை நோக்கி இறங்கும்போது பிரேக்கை அழுத்தினேன். சைக்கிள் அதைக் கேட்டுக்கொண்டதாகவே தெரியவில்லை. இரண்டு காலையும் தரையில் தேய்த்து, நின்றுகொண்டிருந்த ஒரு மானுக்கு இரண்டடி முன்னால் நிறுத்தினேன். (அந்த ஊரில் புள்ளிமான்கள் கோட்டைக்குள்ளும் பஸ் நிலையத்துப் பக்கமும் நம் ஊர் ஆடு மாதிரி அலைகின்றன. மறுநாள் டீ குடிக்க இறங்கிய நேரத்தில் கேரியரில் தொங்கிய அரைச் சீப்பு வாழைப்பழத்தை ஒன்று முடித்துவிட்டது.) கடைக்குத் திரும்பிப் போனால், “இங்க எங்க ஐயா மேடு இருக்கு?” என்கிறார். பிரேக் கட்டையை மாற்றினால்தான் சைக்கிள், இல்லாவிட்டால் காசைக் கொடுங்கள் என்று அங்கேயே உட்கார்ந்தேன். நாலு கட்டையும் மாற்றினார், காசு கேட்கவில்லை. ஆனால் நான் திரும்பிப் போகாமல் இருந்திருந்தால்?

பம்பு தருவதாகச் சொல்லிவிட்டு மறந்துவிட்டார், நானும் மறந்துவிட்டேன். நிலாவெளியில் தங்கின இரவு பையைத் துழாவும்போதுதான் தெரிந்தது. போன் பண்ணினேன். “காலையில ஏழரை பஸ்ஸில குடுத்து விடுறன், கண்டக்டர் தம்பியிட்ட வாங்குங்கோ” என்றார். சரி, பேச்சுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். ஏழே முக்காலிருந்து ரோட்டோரம் நின்றேன். பஸ் வேகத்தைக் குறைத்ததே தவிர நிற்கவில்லை, படிக்கட்டில் தொங்கிய பையன் பம்பை என் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டான். கூலியும் வாங்கவில்லை. எங்கள் இலாகாவின் விரைவுத் தபாலில்கூட இப்படி ஒரு பட்டுவாடா நான் பார்த்ததில்லை.

நிலாவெளி தாண்டினால் உப்பளம். எனக்கு வீட்டு ஞாபகம் வந்துவிட்டது. இறக்கண்டிப் பாலம் 2009இல் வந்தது, அதற்கு முன் அங்கே வள்ளத்தில் கடக்க வேண்டியிருந்ததாம். குச்சவெளி வழியாகப் புல்மோட்டை வரை ரோடு வழவழவென்று கிடக்கிறது, மேடு என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் காற்று இருக்கிறதே! ஜூலையில் தென்மேற்கிலிருந்து கச்சான் வீசுகிறது. வடக்கே போகும்போது இடது காதில் அடுப்பு வைத்த மாதிரி. கச்சான் என்ற பெயர் எங்கள் மீனவர்களிடமும் உண்டு. அதனால்தான் பஸ் நிலையத்தில் ஒரு பையன் “கச்சான், கச்சான்” என்று கூவிக்கொண்டு போனபோது காற்றை யார் விற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். அவர்களுக்கு வேர்க்கடலையும் கச்சான்தான். பத்து மணிக்கு மேல் மிதிக்காதீர்கள், மூன்றரைக்கு மேல் எடுங்கள். கடைக்காரர் இதைச் சொல்லவில்லை. அவர் சொன்னது, “காத்து பின்னால தள்ளும்.” தள்ளவே இல்லை.

குச்சவெளிக்கு முன்னால் பின்சக்கரத்தில் டிங் என்று ஒரு சத்தம். போக்ஸ் கம்பி ஒன்று போய்விட்டது. பின்சக்கரத்தில் 40 கம்பி, ஒன்று போனால் ஊர் போய்ச் சேரலாம், மூன்று போனால் ரிம் எட்டு மாதிரி வளைந்துவிடும். மரத்தடியில் ஒரு பெரியவர் கடை வைத்திருந்தார், கடை என்றால் ஒரு பெட்டி, ஒரு தண்ணீர்ச் சட்டி, கவிழ்த்துப் போட்ட ஒரு சைக்கிள். குனிந்து பார்த்துவிட்டு, “பின்சில்லில கம்பி போயிட்டு” என்றார். எங்களுக்குச் சில்லு என்றால் தேங்காய்ச் சில்லு, இல்லாவிட்டால் பெண் பிள்ளைகள் தாண்டி விளையாடுகிற சில்லு. அங்கே சக்கரமே சில்லு. நல்லவேளை, செயின் இல்லாத பக்கம் போயிருந்ததால் பிரீவீலைக் கழற்ற வேண்டியதில்லை. பெட்டிக்குள்ளிருந்து அதே நீளத்தில் கம்பி எடுத்தார், பூட்டினார், சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் கட்டைவிரலை ரிம் பக்கத்தில் வைத்தே கோட்டம் எடுத்தார். இருபது நிமிஷம், 150 ரூபாய், இடையில் ஒரு தேத்தண்ணி.

இந்த வாடகை சைக்கிளை நான் பரிந்துரைப்பது இந்த இருபது நிமிஷத்துக்காகத்தான். உப்புவெளி ஓட்டல்களில் 21 கியர், டிஸ்க் பிரேக் போட்ட சைக்கிளும் வாடகைக்குக் கிடைக்கிறது, இரண்டு மடங்கு காசு. பார்க்க ஜோர். ஆனால் நான் போன பாதையில் எந்தப் பெட்டிக்குள்ளும் அதற்குச் சாமான் இருந்திருக்காது. தனியாகப் போகிறவனுக்கு வேகம் எதற்கு? வழியில் இருக்கிற கடைசிப் பெரியவருக்கும் தெரிந்த சைக்கிளாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். புல்மோட்டையில் பின்டயரில் காற்று இறங்கியபோது அந்தப் பெரியவரும் தேவைப்படவில்லை. வால்வில் ரப்பர் பிய்ந்திருந்தது. முப்பது வருடமாகப் பர்ஸில் வைத்துத் திரிகிற வால்டியூப் துண்டை எடுத்துச் செருகி, பஸ்ஸில் வந்த பம்பால் அடித்தேன். இரண்டு நாட்டிலும் ஒரே வால்வு.

“தனியவா வந்தனீங்கள்?” இதை ஒன்பது நாளில் நூறு பேராவது கேட்டிருப்பார்கள். தபால்காரன் என்றைக்கு ஜோடியாகப் போனான் என்று சொல்லிப் பார்த்தேன். குச்சவெளிப் பக்கம் ஓர் உள்ளூர்த் தபால்காரர் மட்டும் கேட்கவில்லை. மூன்று கிலோமீட்டர் கூடவே மிதித்து வந்து, எந்தெந்த வீட்டில் நாய் அவிழ்த்துவிட்டிருக்கும் என்று சொல்லிவிட்டுச் சந்தில் திரும்பிவிட்டார்.

தெற்கே போகிற பாதை வேறு மாதிரி. கிண்ணியாப் பாலம் 396 மீட்டர், அதுவும் 2009இல் திறந்தது. மேலே ஏறினால் காற்று சைக்கிளோடு ஆளையும் சேர்த்து நகர்த்துகிறது, வெட்கப்படாமல் இறங்கித் தள்ளிக்கொண்டு போனேன். பாலத்துக்கு அப்பால் ஒரு கடையில் சட்டியில் எருமைத் தயிர், மேலே பாணி, அதாவது பாகு. கடைக்கார அம்மா, “எங்க இருந்து வாறீங்க மகன்?” என்றார். எனக்கு 63 வயது, அவருக்கு எழுபத்தைந்து இருக்கும், சரிதான். நாகப்பட்டினம் பக்கம் என்றதும் அவர் கேட்டது ஒன்றே ஒன்று: “அங்கயும் தண்ணி வந்ததுதானே?” வந்தது. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு பல வாரம் நான் பையில் சுமந்த கடிதங்களில், வீடும் இல்லாத ஆளும் இல்லாத விலாசங்கள் இருந்தன. அதை அவரிடம் சொன்னேன். தயிருக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். நான் வற்புறுத்தவில்லை.

மூதூரில் ஓர் இரவு. அங்கிருந்து வெருகல் முருகன் கோயில் வரை வயலும் காடும் மாறி மாறி வருகின்றன, வழியெல்லாம் யானை வேலி. சைக்கிளில் டைனமோ இருக்கிறது, பல்பு இல்லை. கடைக்காரரிடம் கேட்டதற்கு, “ஐந்தரைக்குப் பிறகு ரோட்டில நிக்கவே கூடாது ஐயா, பிறகு என்னத்துக்கு லைட்?” என்றார். யோசித்தால் நியாயம் மாதிரிதான் இருக்கிறது. இருந்தாலும் ஐந்து மணிக்கு வானம் மூடிக்கொண்டு வந்த அன்றைக்குக் கடைசி எட்டு கிலோமீட்டரை நான் மிதித்த வேகம் என் சர்வீஸிலேயே கிடையாது. ரோட்டில் கிடந்த ஒவ்வொரு சாணிக் குவியலும் சூடாக இருக்கிறதா என்று பார்க்கத் தோன்றியது. கையில் ஒரு டார்ச் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள்.

நகருக்குத் திரும்பி எட்டாம் நாள் கன்னியா வெந்நீர் ஊற்று. ஏழு கிணறு, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. வாளியால் மொண்டு முட்டியில் ஊற்றிக்கொண்டே இருந்தேன். மொத்தம் 300 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக மிதித்திருக்கிறேன், கால் வலித்ததே தவிர உட்காருகிற இடம் வலிக்கவில்லை.

சைக்கிளைத் திருப்பிக் கொடுக்கும்போதுதான் சண்டை. முன் மட்கார்டில் விரிசல் என்று 1,500 ரூபாய் பிடிக்கப் பார்த்தார். தாளை எடுத்து நீட்டினேன். மூன்றாவது வரி: முன் மட்கார்டு, விரல் நீள விரிசல். கீழே அவர் கையெழுத்து. இரண்டு தடவை படித்துவிட்டு முழு முன்பணத்தையும் எண்ணிக் கொடுத்தார். மணி காணாமல் போனது என் தப்பு, அதற்கு 300 நானாகவே கொடுத்தேன். முகம் கோணாமல் ஒரு பிளேன்டீ வரவழைத்தார்.

நான் டீயைக் குடித்து முடிப்பதற்குள் தோல் சீட்டைக் கழற்றி, ஸ்பாஞ்சு சீட்டை மறுபடி மாட்டிவிட்டார். “வெள்ளைக்காரருக்கு இதுதான் விருப்பம் ஐயா.” அங்கே போகிறவர்கள் இடது கை மூலையில், பழைய டயர்களுக்குப் பின்னால் பாருங்கள். எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன்.