ஸ்டீல்ஹெட்டுக்கு ஸ்விங்கா, தக்கையா?

ஸ்டீல்ஹெட் தனி மீன் இனம் இல்லை. கடலுக்குப் போய் வளர்ந்து, முட்டையிட ஆற்றுக்குத் திரும்பும் ரெயின்போ ட்ரவுட்தான். ஆற்றோடு கிடக்கும் ட்ரவுட் நாள் முழுக்க மேயும். திரும்பி வந்த ஸ்டீல்ஹெட் பெரும்பாலும் இரை தேடாது. ஃபிளையை (இறகும் நூலும் கட்டிய தூண்டில் முள்) ஓட்டத்துக்குக் குறுக்கே வளைந்து வரவிட்டு அதைச் சீண்டி வரவழைப்பது ஸ்விங். வாய்க்கு நேரே கொண்டுபோய்க் கொடுப்பது, தக்கைக்குக் கீழே நிம்ஃப், அதாவது நீர்ப்பூச்சிக் குஞ்சு போன்ற ஃபிளை.

தக்கைக்கு 10 அடி, 7 அல்லது 8 எண் (லைனின் எடையைக் குறிக்கும் எண்) ஒற்றைக் கை ராட் போதும். தக்கையிலிருந்து ஃபிளை வரை தண்ணீர் ஆழத்தைப்போல் ஒன்றரை மடங்கு நீளம் வையுங்கள். அவ்வப்போது அடியில் தட்டாவிட்டால் ஈயக்குண்டு போதவில்லை என்று அர்த்தம். அடியோட்டம் மேலோட்டத்தைவிட மெதுவானது. அதனால் தக்கை பக்கத்து நுரைக் குமிழிகளைவிடச் சற்று மெதுவாகப் போக வேண்டும். முந்திக்கொண்டு ஓடினால் லைன் இழுக்கிறது, ஃபிளை அடியை விட்டு எழும்பிவிட்டது. லைனை ஆற்றின் மேல்பக்கமாகத் தூக்கிப் போட்டுச் சரிசெய்யலாம். தக்கை அமுங்கினால் யோசிக்காமல் ராடைத் தூக்குங்கள். பாதி நேரம் கல்லாகத்தான் இருக்கும்.

ஸ்விங்குக்கு 13 அடி, 7 எண் இரட்டைக் கை ஸ்பே ராட். ஓட்டத்துக்குக் குறுக்கே சுமார் 45 டிகிரி கீழ்நோக்கி வீசி, லைனை ஒருமுறை திருத்திவிட்டு, ஃபிளை வில்லாக வளைந்து கரையோரம் வந்து நிற்கும்வரை விடுங்கள். சில விநாடி அங்கேயே தொங்கட்டும். பிறகு இரண்டு எட்டு கீழே நகர்ந்து அடுத்த வீச்சு. மீன் கொத்தியதும் சுண்டி இழுப்பதுதான் இங்கே பெரிய தவறு, ட்ரவுட் பிடித்துப் பழகிய கைக்கு அது தானாக வந்துவிடும். விரலடியில் ஒரு சாண் லைன் தளர்வாக வைத்திருந்து அதை விட்டுக்கொடுங்கள். மீன் திரும்பும்போது முள் வாயோரத்தில் தானே ஏறும்.

அமெரிக்காவின் ஒரேகான் மாநிலத்து டெஷூட்ஸ் ஆற்றின் கீழ்ப் பகுதியில் இந்தக் கணக்கு மாறுகிறது. தக்கையின் பெரிய வசதியே படகோடு சேர்ந்து நீளமாக மிதக்கவிடுவது. அங்கே படகில் இருந்தபடி மீன் பிடிக்கத் தடை. இறங்கி நின்றுதான் வீச வேண்டும். முதுகுக்குப் பின்னால் ஆல்டர் மரங்கள் அடர்ந்திருக்கும், பின்வீச்சுக்கு இடமில்லை. ஸ்பே ராடுக்கு அந்த இடமே தேவையில்லை: லைனைத் தண்ணீரில் ஊன்றி, பின்னால் சின்ன வளையம் எழுப்பி, கீழ்க்கையால் இழுத்து வீசுவது. மேல்கையால் தள்ளினால் லைன் சரிந்து விழும். காற்று ஆற்றின் கீழ்நோக்கி அடித்தால் டபுள் ஸ்பே, மேல்நோக்கி அடித்தால் ஸ்னாப்-டி என்று வீச்சு முறை மாறும். மாற்றிச் செய்தால் ஃபிளை காதில் வந்து மாட்டும். 1952 முதல் ஃபிளை மீன்பிடிக்கென்றே ஒதுக்கப்பட்ட, அதே மாநிலத்து நார்த் அம்ப்குவா ஆற்றின் செங்குத்தான கரைகளிலும் இதுதான் நிலைமை.

தண்ணீர் 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் தக்கைதான் எங்கள் தேர்வு. குளிரில் மீன் துரத்தி வராது. 8 முதல் 15 வரை ஸ்விங், சந்தேகமே வேண்டாம். 20-ஐத் தொட்டால் இரண்டையும் சுருட்டிவிடுங்கள். அந்தச் சூட்டில் போராடிய மீன் விட்டாலும் பிழைப்பது சந்தேகம். முதுகில் வாலுக்கு முன்னால் உள்ள சின்னக் கொழுப்புத் துடுப்பு வெட்டப்படாமல் இருந்தால் அது பண்ணையில் வளராத காட்டு மீன். தண்ணீரைவிட்டுத் தூக்காமலே முள்ளைக் கழற்றுங்கள்.